ஆறு பிரதிகளில் ஒரு புகார்

பணியிடத்தில் பெண்கள்மீது நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013இல் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தபோது கூடவே விதிகளும் வந்தன. அவற்றில் ஏழாவது விதி, புகார் கொடுக்கும் பெண் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. புகாரை ஆறு பிரதிகளாகத் தர வேண்டும். ஆதாரங்களை இணைக்க வேண்டும். சாட்சிகளின் பெயர், முகவரியைக் குறிப்பிட வேண்டும்.

ஆறு பிரதிக்கு நிர்வாகக் காரணம் இருக்கிறது. எதிர்த்தரப்புக்கு ஒன்று, குழு உறுப்பினர்களுக்கு மற்றவை. அதில் குறை காண ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் எந்தப் பிரதியும் தன் வாசகரைக் கற்பனை செய்துகொண்டுதான் எழுதப்படுகிறது. இந்த விதியை எழுதியவர்களின் கண்முன்னும் ஒரு பெண் நின்றிருக்கிறாள். அவளுக்கு மேசை இருக்கிறது, நாற்காலி இருக்கிறது. நகல் எடுக்கும் இயந்திரம் பக்கத்து அறையில் இருக்கிறது. தனக்கு நடந்ததைத் தேதிவாரியாக எழுத அவளுக்குத் தெரியும். சாட்சி சொல்லத் துணிந்த சக ஊழியர் இருக்கிறார், அவருக்கு நிலையான முகவரியும் இருக்கிறது. புகார் கொடுத்த பிறகு 90 நாள் காத்திருக்க அவளால் முடியும். அந்த 90 நாளும் அவளுக்குச் சம்பளம் வரும்.

இந்தச் சட்டத்தை நாயுடுபுரத்தில் நின்று வாசித்தால் என்ன ஆகும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. கொடைக்கானல் சுற்றுலாவை நம்பிப் பிழைக்கும் ஊர். நாயுடுபுரம் போன்ற பகுதிகளிலிருந்தும் சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலிருந்தும் காலையில் வேலைக்குக் கிளம்பும் பெண்கள் விடுதிகளில் அறை கூட்டுகிறார்கள், படுக்கை விரிப்பு துவைக்கிறார்கள், சமையலறையில் பாத்திரம் கழுவுகிறார்கள், கடையில் சாக்லேட் எடைபோடுகிறார்கள், பங்களாக்களில் வீட்டுவேலை செய்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நியமனக் கடிதம் என்று ஒன்று கிடையாது. ‘நாளையிலிருந்து வராதே’ என்ற ஒரு வாக்கியத்தில் வேலை முடிந்துவிடும்.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. வீடும் பணியிடம்தான் என்கிறது. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களையும் சேர்த்துக்கொள்கிறது. தினக்கூலி, ஒப்பந்தம், பயிற்சி என எந்தப் பெயரில் வேலை செய்தாலும் அவள் ஊழியரே என்கிறது. விடுதியில் தங்க வந்த விருந்தினர் அத்துமீறினாலும் முதலாளிக்குப் பொறுப்பு உண்டு என்கிறது. பணியிடத்துக்கு வந்துபோகும் வெளியாட்களிடமிருந்தும் பெண்ணைக் காக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அறை கூட்டப் போகும் பெண்ணுக்கு இதைவிட வேண்டிய வாசகம் வேறில்லை.

வரையறையில் இவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்த சட்டம், நடைமுறைக்கு வரும்போது குனிந்து நுழையும் வாசலாகிவிடுகிறது. பத்து ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால் நிறுவனத்துக்குள்ளேயே உள்ளகக் குழு இருக்க வேண்டும்.  பத்துக்குக் குறைவாக இருந்தாலோ, குற்றம் சாட்டப்படுபவர் முதலாளியாகவே இருந்தாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போக வேண்டும். பெயர் உள்ளூர்க் குழு. நாயுடுபுரத்துப் பெண்ணுக்கு அந்த ‘உள்ளூர்’ திண்டுக்கல். மலையிறங்கி, வத்தலக்குண்டு கடந்து, ஏறக்குறைய 95 கிலோமீட்டர். போக ஒரு பேருந்து, வர ஒரு பேருந்து, ஒரு நாள் கூலி. விசாரணை ஒரே அமர்வில் முடிவதில்லை. ஒவ்வொரு முறை விடுப்பு கேட்கும்போதும் ‘எதுக்கு?’ என்ற கேள்விக்கு, யார்மீது புகார் கொடுத்தாளோ அவரிடமே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இடைக்கால நிவாரணம் பற்றிய 12ஆம் பிரிவும் இப்படித்தான். விசாரணை நடக்கும்போது புகார் கொடுத்தவரையோ எதிர்த்தரப்பையோ வேறு இடத்துக்கு மாற்றலாம், அல்லது பெண்ணுக்கு மூன்று மாதம்வரை விடுப்பு தரலாம். ஐந்து அறை உள்ள காட்டேஜில் யாரை எங்கே இடமாற்றுவது? சீசனுக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்பட்டவளுக்கு எந்தக் கணக்கில் விடுப்பு? ஏப்ரல், மே என்று கொடைக்கானலின் சீசன் இரண்டு மாதம். விசாரணைக்குச் சட்டம் கொடுக்கும் காலம் மூன்று மாதம். தீர்ப்பு வரும்போது அந்த வேலையே இருக்காது.

வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு இன்னும் வேறொரு வழி வகுத்திருக்கிறார்கள். மற்றப் பெண்களின் புகாரைக் குழு விசாரிக்கும். இவளது புகாரில் முகாந்திரம் இருந்தால் ஏழு நாளுக்குள் அதைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. பார்வைக்கு இது கூடுதல் கடுமை போலத் தெரியும். காவல் நிலையத்தின் படியேறாமல் நியாயம் கேட்க ஓர் இடம் வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டத்தின் அடிப்படை நோக்கம். அந்த இடம் அலுவலகப் பெண்ணுக்குக் கிடைக்கிறது, வீட்டுவேலைப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. பங்களா முதலாளியை ஊருக்கே தெரியும், காவல் நிலையத்துக்கும் தெரியும். அவளைத் தெரிந்தவர்கள் அவளது தெருக்காரர்கள் மட்டுமே.

படிப்பும் பதவியும் இருந்தால் புகார் சுலபமாகிவிடுமா? 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்புப் பணியில் இருந்த பெண் ஐபிஎஸ் அதிகாரி, தன் மேலதிகாரியான சிறப்பு டிஜிபி ராஜேஷ் தாஸ் காரில் தன்னிடம் அத்துமீறினார் என்று புகார் கொடுக்கச் சென்னைக்குக் கிளம்பினார். பரனூர் சுங்கச்சாவடியில் அவரது கார் மறிக்கப்பட்டது. மறித்தவர்கள் போலீஸ்காரர்கள். மறிக்கச் சொன்னவர் ஒரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இதைக் கையில் எடுத்தது. 2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டு சிறைத் தண்டனை விதித்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றம் அதை உறுதிசெய்தது; வழக்கு அதற்கு மேலும் சென்றது. காரை மறித்த கண்காணிப்பாளருக்கு 500 ரூபாய் அபராதம்.

இந்த வழக்கைப் பேசுபவர்கள் அந்த மூன்றாண்டுத் தண்டனையைப் பேசுகிறார்கள். எனக்கு அந்த 500 ரூபாய் முக்கியமாகப் படுகிறது. துன்புறுத்தியவருக்கும் புகாரை வழிமறித்தவருக்கும் நடுவே சட்டம் வைத்திருக்கும் தூரம் அது. ஒரு பெண் வாய் திறக்கவிடாமல் செய்வதை நம் அமைப்பு தனிக் குற்றமாகப் பார்ப்பதில்லை. அதை ஒரு சில்லறைத் தவறாக எண்ணுகிறது. சீருடையும் பதவியும் வாகனமும் உள்ள பெண்ணுக்கே சுங்கச்சாவடி போட்டார்கள் என்றால், மற்றவர்களுக்கு வீட்டு வாசற்படியே சுங்கச்சாவடிதான்.

இந்தப் புகார் வழிக்கே அடிப்படையாக இருந்தவர் பதவியில் இருந்தவர் அல்லர் என்பதையும் மாணவிகள் மறக்கக் கூடாது. ராஜஸ்தானின் பன்வாரி தேவி, அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம ஊழியராக வேலை செய்தவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992இல் ஆதிக்கச் சாதி ஆண்களால் வல்லுறவுக்கு உள்ளாக்கப்பட்டார். 1995இல் விசாரணை நீதிமன்றம் அவர்களை வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அதன் பிறகு மகளிர் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997 ஆகஸ்ட் 13 அன்று உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அரசு வேலையைச் செய்ததற்காகத் தாக்கப்பட்ட கிராமத்துப் பெண்ணின் வழக்கிலிருந்து பிறந்த நெறிமுறை, பதினாறு ஆண்டு கழித்துச் சட்டமாக வந்தபோது அலுவலகப் பெண்ணின் மேசைக்கு ஏற்றபடி தைக்கப்பட்டிருந்தது.

அடுத்து, மொழி. சட்டத்தில் இருக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லை நம் துண்டறிக்கைகளும் சுவரொட்டிகளும் பெரும்பாலும் ‘விரும்பத்தகாத’ என்று தமிழாக்குகின்றன. ‘விரும்பத்தகாத நடத்தை’, ‘விரும்பத்தகாத தொடுதல்’. சற்று நின்று இந்தச் சொல்லைப் பார்க்க வேண்டும். ‘தகாத’ என்பது தகுதியைப் பற்றிய தீர்ப்பு. விரும்புவதற்குத் தகுதியில்லாதது என்று யாரோ பொதுவாக முடிவு செய்கிறார்கள். சட்டம் கேட்பது அதையல்ல. ‘அவள் அதை விரும்பினாளா’ என்பதே அங்கே அளவுகோல். ‘அவள் விரும்பாத’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘விரும்பத்தகாத’ என்று சொல்லும்போது அளவுகோல் பெண்ணின் கையிலிருந்து ஊரின் கைக்குப் போகிறது. தோளில் கைபோட்டுப் பேசுவது தகாததா, வேடிக்கைக்குச் சொன்ன சொல் தகாததா என்று ஊர் கூடிப் பேசத் தொடங்கிவிடும். செய்தவரின் நோக்கம் என்ன என்பதைவிட அது அந்தப் பெண்ணை எப்படிப் பாதித்தது என்பதையே பார்க்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு வழக்கில் சொன்னது. தீர்ப்பு வந்துவிட்டது, நம் சொல் இன்னும் மாறவில்லை.

நாளிதழ்ச் சொற்கள் இதைவிட மோசம். ‘சில்மிஷம்’ என்ற சொல்லை எத்தனை தலைப்புகளில் பார்த்திருப்போம். குழந்தை செய்யும் குறும்புக்கு அருகில் நிற்கும் சொல் அது. வாசிப்பவரின் உதட்டில் புன்னகையை வரவழைக்கும் சொல்லால் ஒரு குற்றத்தைச் சொல்கிறார்கள். ‘சீண்டல்’, ‘தொல்லை’, ‘சேட்டை’ எல்லாம் அதே வரிசைதான்.

பாதிக்கப்பட்ட பெண் என்ன சொல்லால் பேசுகிறாள்? ‘அவரு பார்வையே சரியில்ல’, ‘ஒரு மாதிரி பேசுறாரு’, ‘தப்பா நடந்துக்கிட்டாரு’. இந்த மூன்று வாக்கியத்திலும் மரியாதை விகுதி விடாமல் ஒட்டியிருப்பதைக் கவனிக்கலாம். தன்னை இழிவுபடுத்தியவரைப் பற்றிச் சொல்லும்போதும் முதலாளி முதலாளியாகவே இருக்கிறார். வேலை உறவின் படிநிலை இலக்கணம்வரை இறங்கியிருக்கிறது. இவள் சொல்லும் ‘தப்பு’ சட்டத்தின் மொழிக்கு வர வேண்டும் என்றால் தேதி, நேரம், இடம், தொட்ட உறுப்பு, சொன்ன சொல் எல்லாம் வேண்டும். ‘ஒரு மாதிரி’ என்பதை ஆறு பிரதி எடுத்துக் கொடுக்க முடியாது. அந்த மொழிபெயர்ப்பை யார் செய்வது என்பதுதான் உண்மையான சிக்கல்.

இதனால்தான் ‘மௌனத்தை உடை’ என்னும் முழக்கத்தின்மீது எனக்குத் தயக்கம் உண்டு. பெண்ணியர்களாகிய நாமே உருவாக்கிய முழக்கம் அது. பலருக்குத் துணிவு தந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த முழக்கம் பெண்ணை மௌனமானவள் என்று முதலிலேயே முடிவுசெய்துவிடுகிறது. உண்மையில் பெரும்பாலான பெண்கள் யாரிடமாவது சொல்லியிருக்கிறார்கள். கூட வேலை செய்பவளிடம், அக்காவிடம், அம்மாவிடம். சொன்னது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். ‘ஏன் அப்போதே சொல்லவில்லை?’ என்று கேட்பவர்கள், ‘சொன்னபோது யார் கேட்டார்கள்?’ என்று கேட்பதில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தின் சமவெளியில் நடந்த ஒரு கொலை இதைக் கொடூரமாகக் காட்டியது. நாச்சி அப்பேரல்ஸ் என்ற ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் ஜெயஸ்ரீ கதிரவேல், 2021 ஜனவரி முதல் நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. நான்கு நாள் கழித்து உடல் கிடைத்தது. ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அந்த நபர் பல மாதங்களாகவே அவரைத் துன்புறுத்தி வந்ததாகத் தாயும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். அதாவது, ஆலைக்குள் பலருக்கும் அது தெரிந்திருந்தது. தெரிந்ததை நடவடிக்கையாக மாற்ற அங்கே வழி இருக்கவில்லை.

இந்த இடத்தில் விதி ஆறையும் வாசிக்க வேண்டும். பெண் இறந்துவிட்டால், சம்பவம் தெரிந்த யாரும் அவரது வாரிசின் எழுத்துபூர்வ ஒப்புதலுடன் புகார் கொடுக்கலாம் என்கிறது. உயிரோடு இருந்து, உடல்நலத்தோடும் இருந்தால் அவளே எழுதித் தர வேண்டும், அது இயலாதபோது அவளது எழுத்துபூர்வ ஒப்புதலாவது வேண்டும். பக்கத்து இயந்திரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் தோழி, அந்த ஒப்புதல் இல்லாமல் புகார் கொடுக்க முடியாது. செத்த பிறகு வாரிசின் கையெழுத்தில் திறக்கும் கதவு, உயிரோடு இருக்கும்வரை அவளது கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது.

அந்த மரணத்துக்குப் பிறகு, தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் போராடியது. ‘ஜெயஸ்ரீக்கு நீதி’ என்ற இயக்கம் எல்லை தாண்டிப் போனது. 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கமும் ஆசியத் தளக்கூலிக் கூட்டணியும் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பும் ஒரு பக்கம். ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் அதனிடம் துணி வாங்கும் எச்&எம் நிறுவனமும் மறுபக்கம். பிறகு கேப், பிவிஎச் நிறுவனங்களும் கையெழுத்திட்டன. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்குபவர்கள் வணிகத்தில் கைவைக்க வேண்டும். பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தது இதன் தனிச்சிறப்பு.

விமர்சகராக எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, புகாரின் வடிவத்தையே இது மாற்றியிருக்கிறது என்பது. ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று உற்பத்தித் தளத்திலேயே கண்காணிப்பாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களும் தையல் இயந்திரத்தில் உட்காருபவர்களே. கத்துவது, தூற்றுவது, கழிப்பறைக்கு விட மறுப்பது, தேவையில்லாமல் அருகில் வந்து நிற்பது எல்லாம் அவர்கள் கண்ணில் பட்டபோதே பேசப்பட்டன. முதலாண்டு அறிக்கையில் 185 குறைகள் எழுப்பப்பட்டு, அவற்றில் நூற்றுக்கு 98 தீர்க்கப்பட்டதாகச் சொல்லப்பட்டது. ஆண்டுக்குப் பூஜ்யம் புகார் என்று பெருமையோடு அறிக்கை கொடுக்கும் நிறுவனங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புகாரே இல்லாத இடம் பாதுகாப்பான இடம் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறார்கள். சிறிய குறைகள் நிறைய வருகிற இடத்தில்தான் பெரிய குற்றம் நடப்பதற்கு முன்பே தடுக்கப்படும் வாய்ப்பு இருக்கிறது.

இதற்கும் எல்லை உண்டு. இது ஒரு குழுமத்தின் ஆலைகளுக்கு மட்டுமான ஒப்பந்தம். வெளிநாட்டு நிறுவனம் துணி வாங்கும்வரைதான் அதன் பிடி. நாயுடுபுரத்து விடுதி அறையை எந்தப் பன்னாட்டு நிறுவனமும் வாங்குவதில்லை. அங்கே மிரட்டுவதற்கு ஆர்டர் இல்லை, சங்கமும் இல்லை. பணியிட வன்முறைக்கு எதிரான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் நிறைவேறியும் இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை என்பதால் அந்தப் பிடியும் இல்லை.

ஆனாலும் அந்த ஊருக்குக் கூட்டாகக் கேட்கத் தெரியும். 1983இல் தொடங்கி 2001இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானி ஆலையின் தொழிலாளர்கள், தங்கள் உடலில் ஏற்பட்ட கேட்டுக்கு நியாயம் கேட்டுப் பதினைந்து ஆண்டு போராடினார்கள். தனித்தனியாகப் போன மருத்துவச் சீட்டுகள் எதையும் அசைக்கவில்லை. சங்கமாகச் சேர்ந்து நின்றதால் 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு கிடைத்தது. அப்போதும் நிறுவனம் பாதிப்பை ஒப்புக்கொள்ளவில்லை, மனிதாபிமான அடிப்படை என்றுதான் சொன்னது. உழைப்பவரின் உடல் சொல்வதை நம்ப மறுப்பதில் பாதரசமும் பாலியல் துன்புறுத்தலும் ஒரே வழக்குதான். நம்ப வைக்க எண்ணிக்கை வேண்டியிருக்கிறது.

அப்படியானால் நாயுடுபுரத்துக்கு என்ன வேண்டும்? புதுச் சட்டம் வேண்டியதில்லை. இருக்கும் சட்டத்தின் 6ஆம் பிரிவே ஒவ்வொரு வட்டத்திலும் புகாரைப் பெற ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும், அவர் ஏழு நாளுக்குள் அதை உள்ளூர்க் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்கிறது. மாவட்டந்தோறும் குழுக்களும் அலுவலர்களும் இருப்பதை உறுதிசெய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் காலக்கெடுவே விதித்தது. ஆகவே புகார் மலையிறங்க வேண்டியதில்லை. அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வொரு விடுதியின் பின்கட்டிலும், பேருந்து நிலையத்திலும், ரேஷன் கடையிலும் தமிழில் இருக்க வேண்டும். விசாரணைக்குக் குழு மலையேறி வரட்டும். 1984 முதல் ஒரு மகளிர் பல்கலைக்கழகம் இயங்கும் ஊர் இது. ‘ஒரு மாதிரி’ என்பதைத் தேதியும் இடமுமாக எழுதிக் கொடுக்கத் தெரிந்த பெண்களுக்கு இங்கே பஞ்சமில்லை. மாணவிகள் இதைச் சமூக சேவையாகக் கருத வேண்டாம். நாளை அவர்களும் ஓர் ஊழியராகத்தான் எங்கோ நிற்கப் போகிறார்கள்.

நம் மாவட்ட ஆட்சியர்கள் மக்களிடம் மனு வாங்கும் நாளுக்கு மனுநீதி நாள் என்று பெயர். கன்றை இழந்த பசு மணியை ஆட்டியதும் சோழன் எழுந்து வந்தான் என்ற கதையிலிருந்து வந்த பெயர். அந்தக் கதையில் பசு எதையும் எழுதித் தரவில்லை. எழுந்து வந்து விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை அரசனுடையதாக இருந்தது. நம் சட்டத்திலும் அந்தக் கடமை ஒரு மூலையில் இருக்கிறது. எழுத்தில் புகார் தர இயலாத பெண்ணுக்கு அதை எழுதித்தரக் குழு எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்று 9ஆம் பிரிவின் துணைவாசகம் கட்டளையிடுகிறது. ஏழாவது விதியை எல்லாருக்கும் தெரியும். இந்த வாசகத்தை யாரும் நினைவூட்டுவதில்லை. அவள் தன் வாயால், தன் சொல்லால் ஒருமுறை சொன்னால் போதும். எழுதுவதும் ஆறு பிரதி எடுப்பதும் கேட்பவர்களின் வேலை.